படி ஏறிப் போன வீட்டில் இப்போது இறங்கிப் போகிறோம்!

கேள்வி: 1986-ல் அப்பா கட்டிய வீடு. அப்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். பழைய தார் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, இன்று கேட்டைத் திறந்தால் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் கூடம் வரை வந்துவிடுகிறது. மறுபடியும் சாலை போடப்போவதாகச் சொல்கிறார்கள். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடலாமா?
- வாசகி, சென்னை

பதில்: ஜாக்கியை அப்புறம் பார்க்கலாம், சகோதரி. முதலில் சாலை இன்னும் ஏறாமல் தடுக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று கேட்பதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம். அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதமே இதைக் கடிதமாக எழுதிவிட்டார். மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு அதே அளவுக்குத்தான் புதுத் தளம் போட வேண்டும், சாலையின் மட்டம் ஏறக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு, தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முனை சாலையின் நடுவில், இன்னொரு முனை உங்கள் நிலைப்படியில். எத்தனை அங்குலம் பள்ளம் என்று சுவரில் கோடு போட்டு, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதைச் செய்தால் நல்லது. "ரோடு உயரவே இல்லையே" என்று ஒப்பந்ததாரர் சொல்லும்போது அந்தக் கோடுதான் பேசும். மழைநீர் வடிகாலின் வாய் தாரில் மூடிக் கிடந்தால் அதையும் படம் எடுங்கள். பல தெருக்களில் தண்ணீர் நிற்பதற்கு அதுவே காரணம்.

மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் பேசி, உங்கள் புகாருக்கான பதிவு எண்ணை வாங்குங்கள். கவுன்சிலரிடம் தெருக்காரர்கள் கையெழுத்தோடு மனு கொடுங்கள். வார்டில் உங்கள் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபை கூடினால் அங்கேயும் எழுந்து கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் வேலையின் மதிப்பீட்டு நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் சுரண்டுவதற்குப் பணம் ஒதுக்கியிருந்தும் இயந்திரம் வராவிட்டால், வேலை தொடங்கும் அன்று காலையிலேயே தெருவில் நின்று கேளுங்கள். தார் கொட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ஜாக்கி விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால் அந்த எண்ணமே வேண்டாம். தனி வீடு என்றாலும், கட்டுமானப் பொறியாளர் ஒருவர் அஸ்திவாரத்தையும் சுவரையும் பார்த்துச் சொல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீடு பள்ளத்தில் இருந்தால் மழையில் தெருச் சாக்கடை பொங்கி, கழிவறை வழியாகவே உள்ளே வரும். சாக்கடை இணைப்பில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பிளம்பரிடம் சொல்லி, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போட்டுவிடுங்கள்.