கொத்துச்சாவியும் வெறும் கொட்டானும்

கேள்வி: மேடையில் மனதைப் படிப்பதாகச் சொல்லும் மென்டலிஸ்டுகள் உண்மையிலேயே படிக்கிறார்களா? செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இல்லை. அப்படிப் படிக்க முடிந்தால் காரைக்குடியில் இன்னும் வாடகை வீட்டில் இருப்பேனா?

பகலில் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது பிழைப்பு. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி), பள்ளி ஆண்டு விழா என்று யார் கூப்பிட்டாலும் போய் முக்கால் மணி நேரம் நிகழ்ச்சி நடத்துவேன். பன்னிரண்டு வருஷமாகிறது.

இதில் பாதி வெறும் கணக்கு. 742 என்று ஒரு எண் எடுங்கள். திருப்பிப் போட்டு 247-ஐக் கழித்தால் 495. அதையும் திருப்பி 594-ஐக் கூட்டினால் 1089. முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் குறைந்தது இரண்டு வித்தியாசம் இருந்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் போதும், எந்த மூன்று இலக்க எண்ணிலும் 1089-தான் வரும். ஒரே கூட்டத்தில் இரண்டாம் முறை செய்தால் பிள்ளைகள் பிடித்துவிடும்.

இன்னொரு பங்கு பேச்சு. 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் 39 மாணவர்களிடம் ‘இது உங்கள் குணம்’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்தில் எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு, ஐந்துக்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். நான் இங்கே சொல்வது, “நீங்க செஞ்ச உதவிக்கு உங்க சொந்தத்துலயே நன்றி இல்ல.” இதுவரை ஒருத்தர்கூட மறுத்ததில்லை.

ஆனால் ஊர் தெரியாமல் வித்தை காட்டினால் மானம் போகும். ஆரம்பத்தில் ஒரு நகரத்தார் (செட்டியார்) வீட்டில், “ஒன்பது நகரக் கோயில்ல ஒண்ணை நினைச்சுக்கோங்க” என்றேன். எல்லாரும் பிள்ளையார்பட்டியைத்தான் நினைப்பார்கள் என்று முன்னாடியே எழுதி உறையில் வைத்திருந்தேன். நகரத்தாரில் ஒவ்வொரு குடும்பமும் அந்த ஒன்பதில் ஒரு கோயிலைச் சேர்ந்தது; அவரவர் அவரவர் கோயிலைத்தான் நினைத்தார்கள்! இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஆளுக்கொன்று வந்தது. உறையைப் பிரிக்கவே இல்லை. “எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை” என்று ரெண்டு கேள்வியில் என் பூர்வீகத்தையே பிடித்துவிடும் ஆச்சிகளிடம் இந்தப் பருப்பு வேகுமா?

எனக்கு நிஜமாகவே பிடித்த வித்தை ஒன்று உண்டு. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் சாந்தி. பந்தி முடிந்து வளவில், அதாவது நடு முற்றத்தில், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாந்திக்காரரின் அக்கா, எழுபதைத் தாண்டிய ஆச்சி, இடுப்பில் கொத்துச்சாவி. நான் முகப்புக்குப் போய்விடுகிறேன், அதை வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வையுங்கள் என்றேன்.

திரும்பி வந்து கண்ணைக் கட்டிக்கொண்டேன். என் மணிக்கட்டை ஆச்சி பிடித்துக்கொள்ள வேண்டும், சாவி இருக்கும் இடத்தை மட்டும் நினைக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. காலடியில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி. இடப்பக்கம் ஒரு எட்டு வைத்தேன். ஆச்சியின் விரல்கள் இறுகின. வலப்பக்கம் திரும்பியதும் தளர்ந்தன. இரண்டாம் கட்டு நிலைப்படியைத் தாண்டியபோது அவர் எனக்கு அரை அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியாது. ஒரு மரப்பெட்டி. அதன்மேல் கையைக் கொண்டுபோனதும் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

கட்டை அவிழ்த்தேன். கையில் தட்டுப்பட்டது ஒரு கொட்டான், ஓலையில் முடைந்த சின்னக் கூடை. உள்ளே நாலு கொட்டைப்பாக்கு. சாவி இல்லை.

எனக்கு வேர்த்துவிட்டது. ஆச்சிதான் கத்தினார்: “அடி ஆத்தீ! இதுலதானப்பா வச்சேன்!”

தூணுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். எட்டு வயசுப் பேத்தி, ஆச்சி ஒளித்து வைத்ததைப் பார்த்து, சாவியை எடுத்துப் பாவாடையில் முடிந்துவைத்திருந்தாள்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கைதட்டல் வாங்கியதில்லை.

1870-களில் ஜே. ராண்டல் பிரவுன் என்பவர் அமெரிக்க மேடைகளில் பிரபலமாக்கிய வித்தை இது. நாம் ஒரு இடத்தை நினைத்தால் நம்மை அறியாமலே தசை அந்தப் பக்கம் லேசாக அசையும்; இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் வில்லியம் கார்பென்டர் 1852-லேயே இதை எழுதிவைத்தார். பெர்லினில் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரை கதையும் இதேதான். விடை வந்ததும் கேட்பவரின் தலை துளி அசையும், குதிரை குளம்பு தட்டுவதை நிறுத்தும். 1907-ல் ஆஸ்கார் ஃபங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் இதை வெளியிட்டார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. அன்றைக்கு நானும் அந்தக் குதிரைதான். சாவி இருந்த இடம் எனக்கு எப்படித் தெரியும்? ஆச்சி நினைத்த இடம்தான் தெரிந்தது.

இதையெல்லாம் அங்கேயே விளக்கிச் சொன்னேன். யார் காதில் விழுந்தது? இப்போது அந்தப் பக்கம் கதை வேறு மாதிரி ஓடுகிறது: நான் முகப்பில் நின்றபடியே கொட்டானில் இருந்த சாவியைப் பேத்தியின் மடிக்கு அனுப்பினேனாம். அன்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களே அப்படிச் சொல்கிறார்கள். நான் செய்தது பாதி. மீதியை அவர்களே செய்துகொண்டார்கள்.

போன மாசம் ஒருவர் போன் செய்தார். வீட்டில் ஆறு பவுன் செயினைக் காணோம், வந்து கண்டுபிடித்துத் தர வேண்டும், எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்றார். செயினை எடுத்தவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சம்மதித்தால் வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.