ரேஸ் கார் வளைவில் தூக்கி எறியப்படாமல் அவ்வளவு வேகமாகத் திரும்புவது எப்படி? எஞ்சின் பவர்தான் காரணமா?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். ஃபார்முலா 1 கார் மணிக்கு 250 கிமீ வேகத்தில் வளையும்போது ஏன் வெளியே பறந்து போவதில்லை, அந்த எஞ்சினின் பலம்தான் காரணமா என்பது ஒன்று. தன் ஹேட்ச்பேக்கின் பின்னால் பெரிய ஸ்பாய்லர் மாட்டினால் பிடிமானம் கூடுமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

கோவையில் மெக்கானிக்கல் படித்தபோது மூன்று வருடம் கல்லூரி டீமில், மாணவர்களே வடிவமைத்துக் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா ஸ்டூடண்ட் கார் கட்டினேன். அப்புறம் இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் ரேஸ் டிராக்குகளில் ஒரு சின்ன ரேஸ் டீமுக்கு டயரும் டேட்டாவும் பார்த்துக்கொண்டேன். அந்த அனுபவத்தில் ஒரே சொல்லில் பதில் கேட்டால், டயர் என்பேன்.

எஞ்சினால் காரை முன்னால் தள்ளத்தான் முடியும். திருப்புவது, நிறுத்துவது, ஏன், எஞ்சினின் பலத்தைத் தரையில் இறக்குவதுகூட டயரின் வேலை. ஒவ்வொரு டயரிலும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு உள்ளங்கை, மிஞ்சிப்போனால் இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர். இறக்கை, சஸ்பென்ஷன், காரின் அடித்தட்டு என்று நீங்கள் கேள்விப்படும் எல்லாமே அந்த நான்கு துண்டு ரப்பரைத் தரையோடு சரியாக அழுத்தி வைக்கப் பாடுபடுகின்றன.

ரப்பர் ஒரு விசித்திரமான பொருள். தார்ச்சாலையின் சொரசொரப்புக்குள் அது அமுங்கி இறங்கிப் பற்றிக்கொள்ளும். சூடாக இருந்தால் மேற்பரப்பிலேயே ஒட்டவும் செய்யும். இதற்கெல்லாம் பதம் உண்டு. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: கொஞ்சம் முந்தினால் ஒட்டாது, கொஞ்சம் பிந்தினால் வீணாகிவிடும். ரேஸ் டயரும் அப்படித்தான். ஸ்லிக் என்று சொல்லும் கோடில்லாத ரேஸ் டயர் ஆறிப்போனால் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும். சூடு எல்லை மீறினால் மேல்தோல் கொப்புளித்துப் பிய்ந்து வரும். ஃபார்முலா 1-இல் டயர்களுக்கு மின்சாரப் போர்வை போர்த்திச் சூடேற்றி வைப்பது இதற்காகத்தான். காய்ந்த தரைக்கான டயரில் கோடுகளே இல்லாமல் மொழுமொழுவென்று இருப்பதும், கோடு வெட்டும் இடத்தில் ரப்பர் குறைந்துபோகும் என்பதால்தான். 1998-இல் வளைவு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று விதி செய்தவர்கள் நினைத்தபோது, டயரில் கோடு வெட்டச் சொன்னார்கள். 2009-இல்தான் ஸ்லிக் திரும்பி வந்தது.

இனி முக்கியமான இடம். டயரை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடிமானம் கிடைக்கும் என்று பள்ளிக்கூட இயற்பியல் சொல்லும். டயரில் அது முழுக்க உண்மையில்லை. உதாரணத்துக்கு, 100 கிலோ அழுத்தினால் பக்கவாட்டில் 150 கிலோ தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோ அழுத்தினால் 300 வராது, 280 மாதிரிதான் வரும். அழுத்தம் ஏற ஏற, அதற்கு ஈடாகக் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகும். வளைவில் காரின் எடை வெளிப்பக்க டயர்களுக்குச் சாய்கிறது அல்லவா? ஆளுக்கு 100 கிலோ சுமந்த இரண்டு டயரும் சேர்ந்து 300 தாங்கின. இப்போது ஒன்று 200 சுமக்கிறது, மற்றது வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கிறது. மொத்தம் 280. காரின் எடை ஒரு கிராம்கூட மாறவில்லை, ஆனால் பிடிமானம் போய்விட்டது.

ரேஸ் கார் ஏன் தரையோடு தரையாக இருக்கிறது, ஏன் அவ்வளவு அகலம், டிரைவர் ஏன் படுத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கெல்லாம் இதுதான் விடை. எடை கீழே இருந்தால் சாய்வது குறையும், நான்கு டயரும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

அப்படியென்றால் மணல் மூட்டை ஏற்றி அழுத்தலாமே என்று எங்கள் டீமுக்கு வந்த முதலாமாண்டுப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. மூட்டையையும் சேர்த்துத்தானே டயர் திருப்ப வேண்டும்? அதுவும் வெளியே போகத்தான் பார்க்கும். எடையைக் கூட்டாமல் அழுத்தத்தை மட்டும் கூட்ட வேண்டும். அதைக் காற்று செய்து தருகிறது. விமான இறக்கையைத் தலைகீழாகப் போட்டால் அது கீழ்நோக்கி அழுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகும். ஃபார்முலா 1 காரில் மணிக்கு 200 கிமீ தொடுவதற்கு முன்பே காற்றின் அழுத்தம் காரின் எடைக்குச் சமமாகிவிடும்.

இதனால் ஓட்டும் முறையே மாறிப்போகிறது. நாம் சாலையில் பிரேக்கை மெதுவாக ஆரம்பித்துப் போகப்போக அழுத்துவோம். அவர்கள் எடுத்த எடுப்பிலேயே முழு பலத்தோடு மிதிப்பார்கள். அந்த வேகத்தில்தான் காற்று டயரை நன்றாக அழுத்திக்கொண்டிருக்கிறது. வேகம் குறையக் குறைய அழுத்தமும் போய்விடும் என்பதால் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். விடாவிட்டால் சக்கரம் நின்று, டயர் தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிவிடும். கார்பன் பிரேக் டிஸ்க் 1000 டிகிரி வரை சுட்டுச் சிவந்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு வலுவான பிரேக்கும் டயர் தரையை விட்டுக்கொடுத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

காற்றை வைத்துச் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது லோட்டஸ் டீமுடையது. லோட்டஸை நிறுவிய காலின் சேப்மனின் ஆட்கள் 1977-இல் லோட்டஸ் 78 காரின் இருபக்க அடிப்பாகத்தையும் தலைகீழ் இறக்கை மாதிரி வளைத்தார்கள். காருக்கும் தரைக்கும் நடுவே காற்றுக்குக் குறுகலான வழி. குறுகலில் காற்று வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும், கார் தரையோடு உறிஞ்சப்படும். பக்கவாட்டிலிருந்து காற்று புகாமல் இருக்கத் தரையைத் தொடும் பாவாடை மாதிரி தடுப்புகள். அடுத்து வந்த லோட்டஸ் 79-ஐ ஓட்டி மரியோ ஆண்ட்ரெட்டி 1978-இல் சாம்பியன் ஆனார். அதே வருடம் பிராபம் டீம் பின்னால் ஒரு பெரிய விசிறியை வைத்து அடியிலிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளியது. ஸ்வீடனில் நிக்கி லவுடா அதில் ஜெயித்தார். அந்த ஒரு பந்தயத்தோடு அந்தக் கார் ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் பாவாடைத் தடுப்பு ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டாலோ, கார் மேட்டில் ஏறித் தூக்கினாலோ, உறிஞ்சும் விசை சட்டென்று காணாமல் போகும். டிரைவர் அப்போது வளைவின் நடுவில் இருப்பார். 1983-இல் அடித்தட்டு தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்ததற்கு இந்த ஆபத்து ஒரு பெரிய காரணம். 2022-இல் அதே தத்துவம் வேறு உருவத்தில் திரும்பி வந்தபோது கார்கள் நேர்ச்சாலையில் தவளை மாதிரி துள்ளின. உறிஞ்சிக் கீழே இழுக்கும், தரையை நெருங்கியதும் காற்றோட்டம் அடைபடும், கார் எழும்பும், மறுபடி உறிஞ்சும்.

இதெல்லாம் எனக்குப் புத்தியில் உறைத்தது எங்கள் கல்லூரிக் காரில்தான். ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிப்படி பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் காற்று முழுக்க 20 மிமீ துளை வழியாகத்தான் போக வேண்டும். எங்களுடையது ஒரு பைக்கின் 373 சிசி எஞ்சின். அந்தத் துளையைத் தாண்டி எப்படியாவது இரண்டு குதிரைத்திறன் கூடுதலாக எடுக்க வேண்டும் என்று ஐந்து மாதம் காற்றுக்குழாயை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் காரை எட்டு வடிவத்தில் ஓட்டிப் பார்த்தால், இடப்பக்கம் திரும்பும்போது வால் வழுக்குகிறது, வலப்பக்கம் திரும்பும்போது மூக்கு நேராகவே போகிறது. ஒரே கார், இரண்டு குணம். ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டினோம், டிரைவரை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை.

வேறு கல்லூரியின் சீனியர் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "நாலு வீலையும் தனித்தனியா எடை போட்டீங்களாப்பா?" என்று கேட்டார். போட்டதே இல்லை. ரேஸ் டீம்கள் வைத்திருக்கும் தராசு வாங்க எங்களிடம் பணமும் இல்லை. வெங்காய மண்டியிலிருந்து நான்கு எலக்ட்ரானிக் தராசை ஒரு நாள் வாடகைக்குக் கேட்டு வாங்கி வந்தோம். தரையில் தண்ணீர்க்குழாயால் மட்டம் பார்த்து, தராசுக்கு அடியில் பழைய டைல்ஸ் துண்டுகளை அடுக்கிச் சமம் செய்து, டிரைவரை ஹெல்மெட்டோடு உட்காரவைத்து, காரை மேலே உருட்டி ஏற்றினோம். முன்னால் இடது 79, வலது 61. பின்னால் இடது 75, வலது 90. இடப்பக்கம் மொத்தம் 154, வலப்பக்கம் 151. பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது? குறுக்காகக் கூட்டச் சொன்னார் அண்ணன். முன் இடதும் பின் வலதும் சேர்த்து 169. மற்ற மூலைவிட்டம் 136. ஒரு கால் குட்டையான கட்டிலில் படுத்தால் குறுக்காக ஆடுமே, கார் அந்த நிலையில்தான் நின்றுகொண்டிருந்தது.

சக்கரத்தை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு இணைக்கும் கம்பியான புஷ்ராடின் நீளத்தை அரைச்சுற்று, அரைச்சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் காரை இறக்கிக் குலுக்கி மறுபடி ஏற்றி, இரவு பதினொரு மணிக்கு 153-க்கு 152 என்று கொண்டுவந்தோம். செலவு, தராசு வாடகையும் டீயும். மறுநாள் காலையில் கார் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பியது. ஐந்து மாதம் எஞ்சினிடம் கேட்டுக் கிடைக்காத வேகம் அந்த ஒரே இரவில் கிடைத்தது. அன்றைக்கு நான் எஞ்சின் பக்கத்திலிருந்து டயர் பக்கம் வந்தவன், அப்புறம் திரும்பிப் போகவில்லை.

டீமில் சேர்ந்த பிறகு என் கையில் எப்போதும் இருந்தது ஊசிமுனை வெப்பமானி. டீம்கள் காரைக் கவனிக்கும் இடமான பிட்டுக்குள் கார் வந்து நின்ற நொடியில் ஓடிப்போய் மண்டியிட்டு, ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் ஊசியை ரப்பருக்குள் குத்த வேண்டும். தாமதித்தால் மேற்பரப்பு ஆறி எண்கள் பொய்யாகிவிடும். சூடான ரப்பர் ஊசியை லேசாகப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பிலேயே டயர் பதமாக இருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். நடுவில் மட்டும் சூடு அதிகமென்றால் காற்று கூடிப்போச்சு. உள்விளிம்பு மிகவும் சுட்டால் சக்கரத்தின் சாய்வு அதிகம். பத்து டிகிரி சூடு ஏறினால் டயருக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ ஏறும். இருங்காட்டுக்கோட்டையில் காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த அழுத்தம் மதியம் இரண்டு மணி ரேஸுக்குச் செல்லுபடியாகாது. அதனால் டிரைவர் "மூக்கு போகுது" என்று சொன்னால் நான் முதலில் அவருடைய முன் டயர் எண்களைப் பார்ப்பேன், பிறகுதான் மற்றதெல்லாம்.

டயர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவர் சம்பந்தப்பட்ட கதையே இருக்கிறது. 2005-இல் இண்டியானாபொலிஸில் அமெரிக்க கிராண்ட் பிரி. அங்கே 13-வது வளைவு சரிவாகக் கட்டப்பட்டது, அதி வேகத்தில் எடுப்பது, டயருக்கு மேலிருந்து வரும் அழுத்தம் பயங்கரம். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் அங்கே பழுதாகி, கார் சுவரில் மோதியது. தங்கள் டயர் அந்த வளைவைப் பந்தயம் முழுக்கத் தாங்கும் என்று உறுதி தர முடியாது என மிஷலின் அறிவித்துவிட்டது. அந்த வருட விதிப்படி பந்தயத்தின் நடுவில் சாதாரணமாக டயர் மாற்றவும் முடியாது. ஜூன் 19 அன்று, பந்தயம் தொடங்கும் முன் சுற்றும் ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் மிஷலின் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அதில் ஜோர்டான் காரில் நான்காவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா 1-இல் ஒரு இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. உலகத்திலேயே சிறந்த எஞ்சின்கள் சில அன்றைக்குக் கராஜில் சும்மா நின்றன.

எஞ்சினைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1.6 லிட்டர் வி6 ஹைப்ரிட் எஞ்சினை வைத்து, எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாற்றியதாக மெர்சிடிஸ் 2017-இல் சோதனை மேடையில் காட்டியது. அது தனியாக ஒரு பதில் எழுத வேண்டிய அளவு பெரிய சாதனை. ஆனால் நீங்கள் கேட்டது வளைவைப் பற்றி.

சரி, உங்கள் ஹேட்ச்பேக்குக்கு வருவோம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது என்று சொன்னேன் இல்லையா, அதையே திருப்பிப் பாருங்கள். நீங்கள் 60, 80-இல் போகும்போது அந்த ஸ்பாய்லர் கொடுப்பது ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் கார் முன்சக்கரத்தில் இழுக்கும் ரகமாக இருந்தால் இன்னும் மோசம். பின்பக்கத்தை மட்டும் அழுத்தினால் திருப்பும் முன்சக்கரத்துக்கு அதனால் பயனில்லை. அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு வாங்குங்கள். ஏற்கெனவே நல்ல டயர் இருந்தால் நூற்றுக்கணக்கில் விலையுள்ள ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது அழுத்தம் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள்.