ஜில்லா போர்டுக்கு ஓட்டு போட்டது யாரு?

கேள்வி: எங்க தாத்தா வாயத் தொறந்தா 'ஜில்லா போர்டு ரோடு'ம்பாரு. அது என்ன, அதுக்கும் எலெக்‌ஷன் இருந்துச்சா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: ஜில்லா போர்டுன்னா மாவட்டம் முழுக்க ரோடு மாதிரி உள்ளூர் வேலைகளப் பாத்த அமைப்பு, அது போட்ட ரோடுதான் ஜில்லா போர்டு ரோடு. எலெக்‌ஷனும் இருந்துச்சும்மா, ஆனா எல்லாருக்கும் ஓட்டு இல்ல. 1884 சட்டத்துல போர்டு வந்தப்ப கலெக்டர்தான் தலைவர், மெம்பர்ல பலபேரு அரசாங்கம் நியமிச்ச ஆளுங்க. அப்புறம் 1920 சட்டத்துல எலெக்‌ஷன் பெருசாச்சு, ஆனாலும் வரி கட்டுனவங்களுக்குத்தான் ஓட்டு, அதனால மிராசுதார் கை ஓங்கி நின்னுச்சு, சேத்துல எறங்கி நாத்து நட்டவங்க பேரு லிஸ்ட்லயே கெடையாது, அத நெனச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. நம்ம தஞ்சாவூர் ஜில்லா போர்டுலதான் 1924லேர்ந்து 1930 வரைக்கும் நீதிக்கட்சிக்காரர் ஏ.டி.பன்னீர்செல்வம் தலைவரா இருந்தாரு, திருவையாறு சமஸ்கிருத காலேஜ்ல தமிழும் படிக்க வழி பண்ணாரு, ஓட்டுல வந்த பதவிய இப்பிடி பயன்படுத்துனவர மறக்கக் கூடாது. உங்க திருவாரூர் பக்கம் போற மாயவரம் முத்துப்பேட்டை ரயில்பாதைகூட போர்டுக்கு சொந்தமாத்தான் 1894ல ஓட ஆரம்பிச்சுது.

1958 பஞ்சாயத்து சட்டத்துக்கு அப்புறம் போர்டு போய் ஊராட்சி ஒன்றியங்க வந்துடுச்சு. அதுக்கப்புறம் மாவட்ட அளவுல மக்களே நேரா மெம்பர தேர்ந்தெடுக்க 1996 வரைக்கும் காத்துக் கெடந்தோம்.