ஞாயிறு பிரியாணியும் திங்கட்கிழமை எடை மெஷினும்

வாசகர் கேள்வி – பதில்

"ஒருநாள் ஒரு கட்டு கட்டினால், வாரம் முழுக்கச் செய்த உடற்பயிற்சி வீணா?" இந்தக் கேள்வியைத்தான் பலரும் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில்.

வயது 42, எடை 78 கிலோ. வாரத்தில் ஆறு நாள் காலையில் 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன். இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஞாயிறு மட்டும் மதியம் மட்டன் பிரியாணி, சாயங்காலம் பிள்ளைகளோடு மெரினாவில் பஜ்ஜி. திங்கள் காலை மெஷினில் ஏறினால் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. ஆறு நாள் உழைப்பும் போச்சா?
– வாசகர், பெரம்பூர்

போகவில்லை, கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் அந்த ஒன்றரை கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒன்றரை கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால், அன்றைய தேவை போக 11,500 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். பிரியாணி பிளேட் ஒன்றுக்கு 700 கலோரி என்று வைத்தால் பதினாறு பிளேட்! சாப்பாட்டு ராமனாலும் முடியாத காரியம். ஆகவே மெஷின் காட்டியதில் பெரும்பங்கு கொழுப்பே இல்லை.

பின்னே என்ன? தண்ணீர். சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதி கிளைக்கோஜனாக மாறித் தசையிலும் கல்லீரலிலும் தங்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு நாள் அளவாகச் சாப்பிட்டு நடந்ததில் இந்தக் கிடங்கு ஓரளவு காலியாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது நிரம்புகிறது. 250 கிராம் கிளைக்கோஜன் சேர்ந்தாலே தண்ணீரோடு சேர்த்து ஒரு கிலோ வந்துவிடும். அதோடு உப்பு. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரியாணி, தால்ச்சா, பஜ்ஜிக்குத் தொட்டுக்கொண்ட சட்னி என்று போனால் அந்த அளவு எங்கே நிற்கும்? கூடுதல் உப்பைச் சமன்செய்ய உடம்பு தண்ணீரை நிறுத்தி வைக்கும். இன்னும் வெளியேறாத சாப்பாட்டின் எடையும் வயிற்றில் இருக்கிறது. வழக்கம்போலச் சாப்பிட்டு நடந்தால், புதன் வியாழனுக்குள் இதெல்லாம் தானாக இறங்கிவிடும்.

இனி நிஜமான கணக்கு. உங்கள் எடைக்கு 45 நிமிட வேக நடையில், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்தபின், ஏறக்குறைய 190 கலோரி செலவாகும். ஆறு நாளைக்கு 1,150 என்று வைப்போம். இரவுச் சாப்பாட்டைக் குறைத்ததில் தினம் 300 கலோரி மிச்சம் என்றால் ஆறு நாளில் 1,800. மொத்தம் 2,950. ஞாயிறன்று பிரியாணி, பொரித்த சிக்கன், பிரெட் அல்வா, பஜ்ஜி என்று தேவைக்கு மேல் 1,100 கலோரி சாப்பிட்டீர்கள் என்று கொள்வோம். மீதி 1,850. அதாவது அந்த வாரம் ஏறத்தாழ 240 கிராம் கொழுப்பு குறைந்திருக்கிறது, மாதத்துக்கு ஒரு கிலோ. ஞாயிற்றுக்கிழமை உங்கள் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும், மீதி இருக்கிறதே.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? சனிக்கிழமை ராத்திரி மூன்று பரோட்டா, சால்னா, கலக்கி என்று ஒரு சுற்று. அன்றைக்கு மிச்சமாகியிருக்க வேண்டிய 300 கலோரியும் போய், மேலே 700 ஏறினால், வாரத்தின் மீதி 850 ஆகிவிடும். நடுவில் ஒரு புதன்கிழமை ஆபீஸில் யாருக்கோ பிறந்தநாள், கேக்கும் சமோசாவும். அன்று மிச்சம் 300 இல்லை, கூடுதலாக 500. இப்போது கையில் நிற்பது வெறும் 50 கலோரி. ஒருநாள் விருந்தைத் தாங்கும் கணக்கு மூன்றாவது நாளில் சுழியாகிவிட்டது. "எப்போதாவதுதான் சாப்பிடுகிறேன்" என்பவர்கள் ஒரு மாத காலண்டரில் அந்த நாட்களைப் பேனாவால் வட்டம்போட்டுப் பார்க்கட்டும். நான்கு வட்டம் என்றால் கவலை வேண்டாம். பத்து, பன்னிரண்டு என்றால் எடை ஏன் நகரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

திங்கட்கிழமை எடை பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வியாழன் அல்லது வெள்ளி காலை, கழிப்பறை போய்வந்தபின், எதுவும் குடிக்கும் முன் பாருங்கள். தினமும் பார்க்காமல் இருக்க முடியாதென்றால் பாருங்கள், ஆனால் ஏழு நாள் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டேப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்தியர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு.

மெரினாவில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் வாங்கினால் என்ன என்று நீங்களே கேட்பீர்கள். தேங்காய், மாங்காய் போட்ட ஒரு பொட்டலம் சுமார் 150 கலோரிதான், புரதமும் நார்ச்சத்தும் உண்டு. நான்கு வாழைக்காய் பஜ்ஜி 400-ஐத் தொடும். எண்ணெய் சரியாகக் காயாமல் போட்ட பஜ்ஜி இன்னும் அதிகமாக எண்ணெய் குடித்திருக்கும். ஆனால் மிளகாய் பஜ்ஜிதான் வேண்டும் என்று நாக்கு கேட்டால் இரண்டு சாப்பிடுங்கள். பஜ்ஜியை நினைத்துக்கொண்டே சுண்டல் தின்று, வீட்டுக்கு வந்து மிக்சர் டப்பாவைத் திறப்பதைவிட அது மேல்.

மார்கழி வந்தால் சபா கேன்டீன், தை பிறந்தால் கல்யாணச் சாப்பாடு. மறுநாள் முழுப் பட்டினி இருந்து சரிக்கட்டுகிறேன். "லங்கணம் பரம ஔஷதம்" என்று அம்மா சொல்வார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வயது 56.
– வாசகி, மயிலாப்பூர்

அம்மா சொன்னது அஜீரணத்துக்கு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது பொருந்தாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்வை, படபடப்பு, கைநடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. எந்த மாத்திரை என்று சீட்டை எடுத்துப் பார்த்து, உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் வேளை தவறவிடாதீர்கள்.

மாத்திரை இல்லாதவர்களுக்கும் பட்டினி வைத்தியத்தை நாங்கள் சொல்வதில்லை. காலை மதியம் இரண்டையும் விட்டவர், சாயங்காலம் நான்கு மணிக்கு எது கண்ணில் பட்டாலும் பாய்வார். மறுநாள் செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம். வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. மூன்று இட்லி, சாம்பாரைத் தாராளமாக. மதியம் சாதத்தைக் குறைத்துக் கீரை, கூட்டு, மோர். இரவு அடையோ பாசிப்பருப்பு தோசையோ இரண்டு. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் நடை. சாப்பிட்டவுடன் நடப்பது சர்க்கரை எகிறுவதைக் குறைக்கும். நாகேஸ்வர ராவ் பூங்கா வரைக்கும் போக வேண்டியதில்லை, மொட்டைமாடி போதும்.

இலை முன்னால் உட்காரும்போதுதான் உண்மையான வேலை. சாதத்தை ஒரே தடவை வாங்கி, கையாலேயே மூன்று பங்காகப் பிரித்து வையுங்கள்: சாம்பார், ரசம், மோர். ஒவ்வொன்றுக்கும் புதிதாக வாங்கினால் அளவு பிடிபடாது. சாதம் விழுவதற்கு முன்பே பொரியல், கூட்டு, பச்சடியைச் சாப்பிட ஆரம்பியுங்கள். இரண்டாவது தடவை கேட்பதும் அவற்றையே கேளுங்கள். ஒரு மெதுவடை 130, 140 கலோரி. ஜாங்கிரி 200, சிறு கிண்ணம் பாயசம் 150-க்கு மேல். ஜாங்கிரி, பாயசம் இரண்டில் ஒன்று போதும். பருப்பின் மேல் ஊற்றும் நெய் ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி என்பதால், பரிமாறுபவர் சாய்க்கும் முன்பே "கொஞ்சமா" என்று சொல்லிவிடுங்கள். "வேண்டாம்" என்றால் இரண்டு மடங்கு ஊற்றுவார்கள். கல்யாண வீட்டு மரபு அப்படி.

கேன்டீனில் நெய் ரோஸ்ட், கீரை வடை, காசி அல்வா, காபி என்று நான்கும் ஒரே உட்காரலில் 800 கலோரியை நெருங்கிவிடும். சீசன் முழுக்கப் போகிறவர் ஒரு தடவைக்கு ஒரு டிபன், ஒரு காபி என்று வைத்துக்கொண்டால் எல்லாக் கேன்டீனையும் ருசி பார்க்கலாம்.

வயது 27. அண்ணா நகரில் ஜிம் போகிறேன். சனிக்கிழமை "சீட் டே", அதாவது கட்டுப்பாட்டை விட்டுச் சாப்பிடும் நாள். பிரியாணி, நண்பர்களோடு பீர். மறுநாள் டிரெட்மில்லில் கூடுதலாக ஓடி எரித்துவிடுகிறேன். சரிதானே?
– வாசகர், வில்லிவாக்கம்

கணக்கு உதைக்கிறது. 75 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினால்தான் 600 கலோரி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அதுவும் குறையும், ஆனால் திரையில் ஓடும் எண் குறையாது. அது எல்லோருக்கும் பொதுவான சூத்திரத்தில் காட்டும் எண், உங்கள் உடம்பை அளந்து சொல்வதில்லை. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில் சுமார் 300 கலோரி. விஸ்கி 60 மி.லி. என்றால் 140. ஆல்கஹாலை உடம்பு சேமித்து வைக்க முடியாது என்பதால் அதை முதலில் எரிக்கும். அதுவரை கொழுப்பை எரிக்கும் வேலை தள்ளிப்போகும். கூடவே வரும் சில்லி சிக்கனும் வறுத்த முந்திரியும் அப்படியே சேமிப்புக்குப் போய்விடும். தூக்கமும் கெடும். மறுநாள் பளு தூக்குவதில் அது தெரியும்.

இதைவிட முக்கியமான பிழை, சாப்பிட்டதற்கு அபராதமாக ஓடுவது. உடற்பயிற்சி தரும் மற்றப் பலன்களை ஒரு பிரியாணி அழித்துவிடாது. தசை இன்சுலினுக்கு ஒத்துழைப்பது, ரத்த அழுத்தம், தசை வலு எல்லாம் அப்படியே நிற்கும். ஞாயிறு காலை அட்டவணையில் உள்ளதை மட்டும் செய்யுங்கள். தூக்கம் கெட்டிருந்தால் கனமான ஸ்குவாட்டை அன்று தவிர்த்து லேசாக நடங்கள். தசை குறையாமல் எடை இறங்க, கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். 75 கிலோ எடைக்கு அது 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் 27, 30 வரை. "சீட் டே" என்ற பேச்சையே எடுத்துவிட்டு "ஒரு வேளை" என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க லைசென்ஸ் கொடுத்தால் காலை பூரியில் ஆரம்பித்து நள்ளிரவு ஐஸ்கிரீம் வரை போகும்.

வெளியில் சாப்பிடுவதே இல்லை. தினமும் நடக்கிறேன். ஆனாலும் ஆறு மாதமாக 71 கிலோவிலேயே நிற்கிறது.
– வாசகி, தாம்பரம்

மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் என்றால் நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றேகால் லிட்டர். ஆறு லிட்டர் தீர்கிறது என்றால் பதில் அடுப்படியில் இருக்கிறது. அடுத்தது காபி. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் (கொழுப்பு அதிகமான) பால் 100 மி.லி., இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் ஒரு டம்ளர் 125 கலோரிக்கு மேல். கொழுப்பு குறைந்த நீலப் பாக்கெட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் என்றால் 80-க்குள். மூன்று வேளைக்கு வித்தியாசம் 140 கலோரி. பிள்ளைகள் தட்டில் மிஞ்சியதை "வீணாகுதே" என்று வாயில் போட்டுக்கொள்வதையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் எடை அசையவில்லை, சோர்வும் மலச்சிக்கலும் உண்டு என்றால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இதய பலவீனத்துக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறேன். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் அதிகம். "ஒருநாள்தானே" என்று வீட்டில் சொல்கிறார்கள். சாப்பிடலாமா?
– வாசகர், திருவல்லிக்கேணி

மேலே மற்றவர்களுக்குச் சொன்ன "ஒருநாள் பரவாயில்லை" உங்களுக்கு இல்லை. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியவருக்குக் கொழுப்பு மிகுந்த விருந்தும் மதுவும் சேர்ந்தால் கணைய அழற்சி வரக்கூடும். மேல் வயிற்றில் முதுகுவரை பாயும் வலி, விடாத வாந்தி என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சோடா குடித்துப் பார்க்கக் கூடாது. (யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குகிறவர்களுக்கும் ஈரல், மட்டன், பீர் மூன்றும் ஒரே இரவில் ஆபத்து.)

எடை விஷயமும் உங்களுக்கு வேறு. பெரம்பூர் வாசகரிடம் "தண்ணீர்தான், தானாக இறங்கும்" என்றோம். இதய பலவீனம் உள்ளவருக்கு அந்தத் தண்ணீர்தான் பிரச்சினையே. அப்பளம், ஊறுகாய், கருவாடு, வடகம், கடைச் சட்னி இவற்றில் ஒளிந்திருக்கும் உப்பு ஒரே இரவில் நீரைத் தேக்கிவிடும். விருந்துக்குப் போனால் சாதம், உப்பு குறைவான கூட்டு, தயிர், பழம் என்று நிறுத்துங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினாலோ, காலில் அழுத்தினால் குழி விழுந்தாலோ, இரவில் தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாவிட்டாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே உங்கள் இதய மருத்துவரைப் பாருங்கள். எடை எழுதிய நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மாத்திரை அளவை மாற்றுவதற்கு அவருக்கு அது தேவைப்படும்.