பார்டர் டைல்ஸுக்காக நான்காவது முறையும் நகையை அடகு வைப்பதா?

கேள்வி: நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறோம். வீட்டுக்கடன் 28 லட்சம்; மாதத் தவணை 24,300 ரூபாய். இப்போது இருக்கும் வீட்டுக்கு வாடகை 9,000. எங்கள் இருவரின் சம்பளமும் சேர்ந்து 64,000. கிரில், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் என மூன்று முறை என் நகைகளை வைத்ததில் 3.6 லட்சம் கடன் நிற்கிறது. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். மூன்று குளியலறைகளிலும் சமையலறையிலும் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு, பார்டர் இல்லாமல் சுவர் மொட்டையாக இருப்பதாக நாத்தனார் சொல்கிறார். பார்டரும் ஹைலைட்டர் எனும் அலங்கார டைல்ஸும் வைத்து மாற்றித்தர 1,85,000 ரூபாய் கேட்கிறார்கள். 12 மாத வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா, மிச்சமுள்ள நகையை வைக்கலாமா? தை மாதம் கிரகப்பிரவேசம். – வாசகி, மதுரை.

பதில்: இரண்டும் வேண்டாம். பார்டர் வைக்க ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு உண்மையான சேதம், வீட்டில் ஒவ்வொரு வேலை முடியும்போதும் நகையை எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்து, ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கத்தினால் வருகிறது. 3.6 லட்சத்துக்கு ஆண்டு வட்டியே 43,200 ரூபாய். இப்படியே போனால் நகையும் வீட்டுக்கு வராது, அசலும் குறையாது.

அந்த 1,85,000 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். எட்டுக்கு ஐந்து அடிக் குளியலறையின் சுற்றளவு 26 அடி. கதவைக் கழித்தால் ஏறக்குறைய 24 அடி. இரண்டு வரிசை வைத்தாலும் மூன்று அறைகளுக்கு 144 அடி, சமையல் மேடைக்கு மேலே 16 அடி, ஆக 160 அடி. ஓர் அடித் துண்டு 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தும் 20,000 ரூபாயைத் தாண்டாது. மீதித் தொகையின் பெரும்பகுதி, நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்து ஒட்டிய டைல்ஸை உடைத்து எடுப்பதற்கும் அதே இடத்தில் புதிதாக ஒட்டுவதற்கும் போகிறது. உடைக்கும்போது குளியலறைச் சுவரின் நீர்த்தடுப்புப் பூச்சும் சேதமாகலாம்; பழைய பெட்டியில் அச்சிட்ட, நிறச்சாயலைக் குறிக்கும் ஷேடு எண்ணிலேயே டைல்ஸ் மறுபடி கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடித் தரையைச் சுற்றி ஓடும் பார்டரைப் பார்த்துப் பலருக்கும் இந்த ஆசை வருகிறது; ஆனால் அங்கே அறையின் அளவுக்கேற்ப நடுக்கல், ஓரக்கல் இரண்டையும் கணக்கிட்ட பிறகே பதிக்கத் தொடங்குவார்கள்.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரை நம்பிவிட வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி அதில் பெரும்பாலும் கிடைக்காது. செயலாக்கக் கட்டணம் தனியாக வரும். கிரெடிட் கார்டு தவணையாக இருந்தால், வட்டியில்லை என்று சொன்னாலும் வங்கி கணக்கில் காட்டும் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. இவை எதுவுமே இல்லை என்றாலும் மாதம் 15,400 ரூபாய் கட்ட வேண்டும். வீட்டுக்கடன், வாடகை, நகைக்கடன் வட்டி மூன்றும் போக உங்கள் கையில் நிற்பது 27,000. பள்ளிக் கட்டணமும் வீட்டுச் செலவும் போனால் 5,000 மிஞ்சுவதே பெரிது. மூன்றாம் மாதமே மிச்ச நகையும் அடகுக் கடைக்குப் போய்விடும் என்பதுதான் என் கவலை.

பார்டர் வேண்டுமென்றால், சுவரின் நடுவில் அல்ல, டைல்ஸ் முடிந்து பெயின்ட் தொடங்கும் மேல் விளிம்பில் ஒரே ஒரு வரிசை வையுங்கள். ஒட்டிய டைல்ஸைத் தொடாமல், அதற்கு மேலுள்ள சுவர்ப்பூச்சை மூன்று அங்குல அகலத்துக்குச் செதுக்கிவிட்டுத் துண்டுகளைப் பதித்துவிடலாம். வெட்டுப்பட்ட விளிம்பும் மறைந்துவிடும். சமையலறையோடு சேர்த்து 88 அடிதான். துண்டுகளுக்கு 11,000, கொத்தனார் கூலிக்கும் பசைக்கும் சுமார் 6,000. அதையும் கையில் பணம் சேர்ந்த பிறகு, முதலில் சமையலறை, பிறகு குளியலறை என்று செய்தால் போதும். தைக்குள் முடித்தே தீர வேண்டிய வேலை அல்ல அது.

குடிபுகுந்ததும் வாடகையாகப் போன 9,000, மிஞ்சும் 5,000, இப்போது வட்டிக்குச் சேரும் 3,600 மூன்றையும் சேர்த்து மாதம் 17,600 ரூபாயை நகைக்கடனில் கட்டிவாருங்கள். மாதாமாதம் அசலில் வரவு வைக்கச் சொல்லி ரசீது வாங்கிக்கொண்டால், 23 மாதங்களில் மூன்று அடகும் மீண்டுவிடும். மூன்றின் வட்டியும் வெவ்வேறாக இருந்தால், அதிக வட்டியுள்ளதை முதலில் மீட்டுவிடுங்கள். மீட்ட நகையை வேறு எந்த வேலைக்கும் திரும்ப வைக்கக் கூடாது.

நாத்தனாரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர்தான், நீங்கள் அல்ல. அடகில் இருப்பது உங்கள் நகை, பேசுபவர் அவருடைய அக்காள்; ஆகவே டைல்ஸ் கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து, அக்காளிடம் பேசிவிடச் சொல்லுங்கள்.