கொடைக்குப் பாடிய வில்லுப்பாட்டை எந்த ஃபார்மட்டில் சேமிப்பது?

கன்னியாகுமரி ஜில்லா தக்கலைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் 350 சிடிக்களும் 120 கேசட்டுகளும் இருக்கின்றன. கேசட்டுகளில் பாதிக்கு மேல் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டு. எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஹாலில் உள்ள ஆம்ப்ளிஃபயரிலும் பிள்ளைகளின் போன்களிலும் வைஃபை வழியாகக் கேட்க ஆசை. கடைக்காரர் வேவ்தான் சிறந்தது என்கிறார். பேரன் எம்பி3 போதும் என்கிறான். மகள் வைத்திருப்பது ஐபோன். எதைத் தேர்வு செய்வது?"

ஐயா, ஃப்ளாக் என்ற ஃபார்மட்டில் வையுங்கள். சிடி, கேசட் இரண்டுக்கும் அதுவேதான். போனுக்கோ காருக்கோ வேறு ஃபார்மட் வேண்டுமென்றால் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. வேவ் கோப்பில் ஒலி அப்படியே இருக்கும். ஃப்ளாக்கிலும் அப்படியே இருக்கும், ஆனால் இடம் குறைவு. வேட்டியை மடித்துப் பெட்டியில் வைப்பது போலத்தான். பிரித்தால் ஒரு நூல்கூடக் குறைந்திருக்காது. சிடி தரத்தில் ஒரு நிமிட வேவ் சுமார் 10 எம்பி. அதே பாட்டு ஃப்ளாக்கில் பெரும்பாலும் 5 முதல் 7 எம்பிக்குள் அடங்கிவிடும். ஃப்ளாக் கோப்புக்குள் மூல ஒலியின் சரிபார்ப்பு எண் ஒன்றும் பதிந்திருக்கும். சில வருடம் கழித்து டிஸ்க் பழுதாகி ஒலி கெட்டிருந்தால் சோதித்துக் கண்டுபிடித்துவிடலாம். சாதாரண வேவில் அந்த வசதி கிடையாது. பாட்டின் பெயர், பாடியவர் பெயர் போன்ற விவரங்களையும் வேவிலிருந்து பல கருவிகள் சரியாக வாசிப்பதில்லை. 2001-ல் வெளிவந்த ஃப்ளாக் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய திறந்த ஃபார்மட். ஒரு கம்பெனி மூடிப்போனாலும் உங்கள் கோப்புகள் பாடும்.

பேரன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. 320 கேபிபிஎஸ் (அதாவது நொடிக்கு 320 கிலோபிட், இந்த அளவுக்குப் பெயர்தான் பிட்ரேட்) எம்பி3-யையும் சிடியையும் மாற்றி மாற்றிப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உங்கள் கையில் இருப்பது வில்லுப்பாட்டு. வில்லின் நாணில் வீசுகோல் விழும் நொடியை நினைத்துப் பாருங்கள். மணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் குலுங்கும், கூடவே ஜால்ரா, அடியில் குடத்தின் கும்மென்ற ஓசை. எம்பி3 ஒலியைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்ட பகுதியை நீக்கிவிடுகிறது. அமைதிக்குப் பிறகு சட்டென்று எழும் கூர்மையான ஓசைதான் அந்தக் கணக்கைத் திணறடிக்கும். பிட்ரேட் குறைவாக இருந்தால் மணி அடிப்பதற்கு ஒரு கணம் முன்பே லேசான இரைச்சல் எழும்பும். மணியும் கணீரென்று விழாமல் சளசளவென்று ஆகிவிடும். எங்கள் வீட்டிலிருந்த ஒரு கொடைக் கேசட்டை முன்பு 128 கேபிபிஎஸ் எம்பி3-யாக மாற்றிவிட்டு, இனி எதற்கு என்று நாடாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அந்தக் கோப்பில் வில்லுப்பாட்டைப் பாடிய புலவரின் குரல் இருக்கிறது, மணி இல்லை. அதை இப்போது ஃப்ளாக்காக மாற்றி என்ன பயன்? கருவாடு மறுபடி மீனாகாது.

அதனால் உங்கள் கேசட்டுகளை முதலில் எடுங்கள். இரண்டு மழைக்காலமும் நனைக்கிற ஜில்லா நம்முடையது. ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப்பொடி தெரிந்தால் அதை டெக்கில் போடாதீர்கள், நாடாவை வாசிக்கும் ஹெட்டும் அடுத்த கேசட்டும் சேர்ந்து கெடும். நல்ல நாடாக்களுக்கு டெக்கின் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அடாசிட்டி மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதியுங்கள். சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். குடத்தில் திடீரென்று பலமாக ஒரு அடி விழுந்தாலும் ஒலி உடையாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. 24 பிட்டில் அதைத் தாராளமாக விடலாம். இரைச்சலை நீக்கும் வேலையை மூலக் கோப்பில் செய்யவே வேண்டாம். செய்வதானால் வேறொரு நகலில் செய்யுங்கள்.

சிடிக்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து எடுக்கும், எடுத்தது சரியா என்று இணையத்தில் ஒப்பிட்டும் பார்க்கும். அங்கே பதிவில் இல்லாத சிடியா, இரண்டு முறை எடுத்து ஒப்பிடுங்கள். சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினால் கோப்புதான் பெருக்கும், பாட்டு அதேதான்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சிடி ஒன்றுக்கு 350 எம்பி என்று வைத்தால் 120 ஜிபி சொச்சம். ஒரு மணி நேரக் கேசட் 24 பிட்டில் சுருக்காமல் இருந்தாலே 1 ஜிபி பக்கம்தான். எல்லாம் சேர்த்து 250 ஜிபியைத் தாண்டுவது கஷ்டம். 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஐப்பசி இடிமின்னலில் ரவுட்டரோடு டிஸ்கும் போன வீடுகள் நம் பக்கம் எத்தனையோ.

ஸ்ட்ரீமிங்குக்கு ஃப்ளாக் கனமா என்றால், இல்லை. சிடி தர ஃப்ளாக் பெரும்பாலும் நொடிக்கு 1 மெகாபிட்டுக்குள் ஓடும். யூடியூபில் எச்டி வீடியோவுக்கே அதைவிட அதிகம் வேண்டும். பாட்டு விட்டுவிட்டு வந்தால் பழைய வீட்டின் தடித்த சுவர் காரணமாக இருக்கலாம். ரவுட்டரிலிருந்து ஹாலுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரை ப்ளூடூத்தில் மட்டும் இணைக்காதீர்கள். ப்ளூடூத் பாட்டை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும்.

பழைய கணினியோ ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியோ இருந்தால், டிஸ்கில் உள்ள பாட்டுகளை மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் நேவிட்ரோம் என்ற இலவச சர்வர் மென்பொருளை நிறுவலாம். வீட்டில் ஃப்ளாக்கை அப்படியே அனுப்பும். வெளியிலிருந்தும் அணுகும்படி அமைத்துவிட்டால், மகன் திருவனந்தபுரம் பஸ்ஸில் கேட்கும்போது 128 கேபிபிஎஸ் ஓபஸ் என்ற சுருக்கிய ஃபார்மட்டாக மாற்றி அனுப்பும், மணிக்கு 60 எம்பிதான் செலவாகும். மகளின் ஐபோனில் ஆப்பிளின் மியூசிக் செயலி ஃப்ளாக்கைச் சேர்த்துக்கொள்ளாது. நேவிட்ரோமுக்கான வேறு செயலிகள் இருக்கின்றன, அவற்றில் பாடும். ஆப்பிள் செயலியேதான் வேண்டும் என்றால் ஃப்ளாக்கை ஏஎல்ஏசி என்ற ஆப்பிளின் ஃபார்மட்டாக மாற்றிக் கொடுங்கள், ஒலியில் எதுவும் இழக்காது. கார் பென்டிரைவுக்கு மட்டும் எம்பி3.

கடைசியாக ஒன்று, பெயர்கள். ஃப்ளாக்கில் விவரங்கள் யூனிகோடில் பதிவதால் தமிழ் எழுத்து அப்படியே நிற்கும். ஆனால் இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் ஒரு சிடியில் ஒரு 'ஏ' போட்டும் இன்னொன்றில் இரண்டு 'ஏ' போட்டும் எழுதியிருந்தால் சர்வர் அவரை இரண்டு ஆளாகக் காட்டும். முதல் சிடியிலேயே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கொடைக் கேசட்டுகளுக்கு ஊர், கோவில், வருடம், புலவர் பெயர், குடம் அடித்தவர் பெயர் எல்லாவற்றையும் தமிழிலேயே சேருங்கள். அந்த விவரம் எந்த இணையத்திலும் கிடைக்காது, கேசட் அட்டையிலும் உங்கள் ஞாபகத்திலும்தான் இருக்கும்.