ஜப்பான் 0.1% வட்டிக்குக் கடன் தர வந்தும் இந்தோனேசியா ஏன் புல்லட் ரயிலைச் சீனாவுக்குக் கொடுத்தது?

வட்டியை மட்டும் வைத்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான். ஜகார்த்தா–பண்டுங் பாதைக்கு ஜப்பான் 0.1% வட்டியில் 40 வருடக் கடன் தருகிறேன் என்றது, சீனா கேட்டதோ 2%. ஆனால் பேரம் படிந்தது வட்டியில் இல்லை, ஜாமீனில்.

ஜப்பான் தருவதாகச் சொன்ன கடனுக்கு இந்தோனேசிய அரசு பொறுப்பேற்க வேண்டும். சீனா என்ன சொன்னது என்றால், அரசு ஜாமீனும் வேண்டாம், பட்ஜெட் பணமும் வேண்டாம், உங்கள் பொதுத்துறை நிறுவனங்களும் எங்கள் நிறுவனங்களும் 60க்கு 40 என்று ஒரு கம்பெனி ஆரம்பிக்கட்டும், செலவில் 75 சதவீதத்தை எங்கள் வளர்ச்சி வங்கி அந்தக் கம்பெனிக்கே கடனாகக் கொடுக்கும். அதிபர் ஜோகோவி பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. ஏற்கெனவே எல்லாம் இந்த இரண்டு ஊரும் இருக்கும் ஜாவா தீவுக்கே போகிறது என்று மற்ற தீவுக்காரர்களுக்குக் கோபம், இதில் வெறும் 142 கிலோமீட்டருக்குப் புல்லட் ரயில் விட அரசுப் பணத்தில் கை வைத்தால் சும்மா இருப்பார்களா?

2015 செப்டம்பரில் நடந்தது ஒரு கூத்து. மாதத் தொடக்கத்தில் இரண்டு திட்டமும் வேண்டாம், இவ்வளவு கிட்டத்து ஊருக்கு நடுத்தர வேக ரயிலே போதும் என்றார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் சீனாவுக்கே கொடுத்தாயிற்று! பல வருடம் ஆய்வு செய்து வைத்திருந்த ஜப்பான் தன் வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னது.

சரி, ஜாமீன் இல்லாமல் முடிந்ததா? 2019-ல் ஓட வேண்டிய வண்டி நிலம் எடுப்பதில் இழுத்து, கொரோனாவிலும் மாட்டி, 2023 அக்டோபரில்தான் ஓடியது. 550 கோடி டாலர் என்ற செலவு 700 கோடியைத் தாண்டிவிட்டது. 2021-ல் ஜோகோவியே பட்ஜெட் பணம் போடலாம் என்று ஆணை போட்டார், 2023-ல் கூடுதல் கடனுக்கு அரசு ஜாமீன் தரவும் வழி செய்தார்கள். வண்டியைக் குறை சொல்ல முடியாது, 350 கிலோமீட்டர் வேகம், முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் ஏறும் ஹாலிம் நிலையம் ஜகார்த்தாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, பண்டுங் நகருக்குள் போக வேண்டுமென்றால் படலராங்கில் இறங்கி இணைப்பு ரயில் பிடிக்க வேண்டும். பழைய ரயில் மூன்று மணி நேரம் எடுத்தாலும் ஊருக்கு நடுவிலேயே ஏற்றி நடுவிலேயே இறக்கும்.

ஜப்பானிடம் கொடுத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதே 2015 டிசம்பரில் மும்பை–ஆமதாபாத் பாதைக்கு அதே 0.1% வட்டியில், அதுவும் 50 வருடத்துக்கு, நாம் ஜப்பானோடு கைகோத்தோம். ஜகார்த்தாவில் மக்கள் ஏறிப் போக ஆரம்பித்தபோது இங்கே தூண்தான் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

2025 அக்டோபரில் இந்தோனேசியாவின் புது நிதியமைச்சர், இந்தக் கடனை பட்ஜெட்டிலிருந்து கட்ட முடியாது என்று கையை விரித்தார். அடுத்த மாதமே, ஜோகோவிக்குப் பிறகு வந்த அதிபர் பிரபோவோ, கவலை வேண்டாம், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.